திங்க என்ன குடுத்தாவ?

போன மாதம் பேத்தியின் நிச்சயதாம்பூலத்துக்குப் பூ எடுக்க தோவாளைச் சந்தைக்குப் போயிருந்தேன். விடிவதற்கு முன்பே அங்கே பகல் தொடங்கிவிடும் என்பது நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பிச்சி ஒரு பக்கம், மல்லிகை ஒரு பக்கம், அரளி, கேந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி என்று குவியல் குவியலாகக் கிடக்கிறது. ஆரல்வாய்மொழிக் காற்றில் அந்த வாசனை ரோடு வரைக்கும் வருகிறது. பூக்காரர் எடை போடும்வரை சும்மா நின்றபோது ஒன்றைக் கவனித்தேன். இத்தனை பூ இருக்கிறது. ஒரு குளவியைக் காணோம்.

பூக்காரரிடம் கேட்டேன். "மொட்டாப் பறிச்ச பூவில அதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி?" என்றார் அவர்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு கேள்வி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட பெரியவர் இன்று இல்லை. அன்று நான் அவருக்குச் சரியான பதிலும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. பதில் கிடைக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். என் வாழ்க்கையில் இரண்டு நவம்பர் ஒன்றுகள் உண்டு. 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அப்பா மயிலாடிக் கல்தச்சர். சிலை வேலை கிடைத்து, கைக்குழந்தையாக இருந்த என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனவர். அங்கே பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடம் பிரெஞ்சு மொழிப் பள்ளிக்கூடம். அதனால் நான் கூட்டல் கழித்தல் முதல் பூகோளம் வரை பிரெஞ்சில்தான் படித்தேன். அப்பாவுக்குக் கண் மங்கியதும் குடும்பம் மயிலாடிக்குத் திரும்பியது. நான் தமிழில் கோப்பு எழுதப் பழகி, அரசாங்க வேலையில் சேர்ந்து, 2008இல் எழுத்தராகவே ஓய்வு பெற்றேன்.

பிரெஞ்சுப் படிப்பால் உத்தியோகத்தில் ஒரு பைசா லாபம் இல்லை. ஒரே ஒரு மனிதரை மட்டும் அது எனக்கு அறிமுகம் செய்து வைத்தது. ழான் ஆன்றி ஃபாப்ர். எங்கள் வாத்தியார் டிக்டேஷன் கொடுப்பதற்கு அவருடைய பூச்சிக் கட்டுரைகளைத்தான் எடுப்பார். தப்பு வந்தால் காது திருகப்படும். அப்படிக் காது சிவந்து கற்ற பாடம் எனக்குப் பின்னால் உதவியிருக்க வேண்டும். உதவவில்லை. அதுதான் கதை.

1981ஆம் வருடம். இந்த மாவட்டத்தில் ஒரு வேளாண் அலுவலகத்தில் நான் எழுத்தர். அந்த வருடம் பல தோப்புகளில் தென்னைக்குக் கருந்தலைப்புழு வந்திருந்தது. தென்னை வைத்திருக்கிறவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஓலையின் அடிப்பக்கத்தில் நூலும் கழிவும் சேர்த்துக் கூடு கட்டி, உள்ளே இருந்துகொண்டு பச்சையைச் சுரண்டித் தின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் தீயில் வாட்டினதுபோல இருக்கும். தை பிறந்து வெயில் ஏற ஏற அது பெருகும்.

அதற்கு இலாகா கொடுத்த வைத்தியங்களில் ஒன்று குளவி. கொட்டும் குளவி அல்ல. சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள, எறும்பு மாதிரி கறுத்த பூச்சி. பெத்திலிட் ஒட்டுண்ணி என்று கோப்பில் எழுதுவோம். முழுப் பெயர் கோனியோசஸ் நெஃபாண்டிடிஸ். அது புழுவின் கூட்டுக்குள் நுழைந்து, புழுவைக் கொட்டி மயக்கி, அதன் உடம்பின்மேல் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் புழுவைத் தின்று வளரும். இது புது வைத்தியமும் அல்ல. சென்னை மாகாணக் காலத்திலேயே இதற்கான வேலை நடந்திருக்கிறது. ராமச்சந்திர ராவ், செரியன், அனந்தநாராயணன் என்ற மூன்று பூச்சியியலாளர்கள் தென்னிந்தியாவில் இந்தப் புழுவை ஒட்டுண்ணிகளைக் கொண்டு அடக்கியதைப் பற்றி 1948இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

அஞ்சுகிராமம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தன் தோப்புக்கு ஒட்டுண்ணி கேட்டு மனுக் கொடுத்திருந்தார். எழுபது வயது இருக்கும். அவரை நாங்கள் எல்லோரும் பாட்டா என்றுதான் கூப்பிடுவோம். நாலைந்து தடவை நடந்தார். கடைசியில் பொங்கலுக்கு முந்தின நாள் மதியம் பஸ்ஸில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய்கள். பெட்டியின்மேல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு சீட்டு. அதிகாரி வெளியூரில். நான் பெட்டியைப் பதிவேட்டில் வரவு வைத்து, எண் போட்டு, இரும்பு அலமாரியில் பூட்டிவிட்டு, மயிலாடிக்கு பஸ் ஏறிவிட்டேன். சீட்டை நான் படிக்கவில்லை. எண் போடுவதற்குப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்து திறந்தபோது, குழாய்களின் அடியில் கறுப்பு மிளகுத்தூள் மாதிரி கிடந்தது. ஒன்றிரண்டு மட்டும் மெல்ல அசைந்தன. அப்போதுதான் சீட்டைப் படித்தேன். இரண்டே வரி. அன்றன்றே விட வேண்டும்; தாமதமானால் தேன் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

பத்து மணிக்குப் பாட்டா வந்துவிட்டார். நான் குழாயைக் கையில் கொடுத்து, "வரும்போதே இப்படித்தான் வந்தது" என்று சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் குழாயைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அதுவளும் ஜீவன்லா தம்பி. வார வழியில திங்க என்ன குடுத்தாவ?"

நான் பதில் சொல்லவில்லை. மறுபடி எழுதிப் போட்டு, அடுத்த பெட்டி வருவதற்குள் பங்குனி ஆகிவிட்டது. அந்த வருடம் அவர் தோப்பில் தேங்காய் பாதிகூட இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். வெயிலில் செத்ததா, பசியில் செத்ததா, இரண்டும் சேர்ந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் செத்தது என் அலமாரியில். அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

இனி, அவர் கேட்ட கேள்வி.

குளவிக் குஞ்சு மாமிசம் தின்னும். சரி. வளர்ந்த குளவி என்ன தின்னும்? உலகத்துக்கே இது வெகுகாலம் தெரியாத விஷயம். ஒரே மாதிரிப் புழுவிலிருந்து ஒரு சமயம் பட்டாம்பூச்சி வருகிறது, இன்னொரு சமயம் சின்னக் குளவிகள் கூட்டமாக வருகின்றன. இது என்ன மாயம் என்று 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் படித்தவர்கள் குழம்பினார்கள். அந்தப் புழுவுக்குள் வேறொரு தாய் முட்டையிட்டிருக்கிறாள் என்பது மெல்லத்தான் விளங்கியது. 1734 முதல் 1742 வரை பிரான்சில் ரேயோமூர் ஆறு பெரிய புத்தகங்களாகப் பூச்சிகளின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். புழுவைத் தின்னும் குளவிகளின் வாழ்க்கையும் அவற்றில் விரிவாக வருகிறது.

நூறு வருடத்துக்குப் பிறகு அதே பாதையில் வந்தவர்தான் எங்கள் டிக்டேஷன்காரர். ஃபாப்ர் 1823இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, குறைந்த சம்பளத்துக்கு வாத்தியார் வேலை பார்த்தவர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல்தான் செரிஞான் என்ற கிராமத்தில் கொஞ்சம் நிலம் வாங்க முடிந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ஹார்மாஸ். அந்த ஊர்ப் பேச்சில் அதற்குப் பொருள், உழாமல் கிடக்கும் கல்லுத் தரிசு. முள்ளும் களையும் பூத்துக் கிடந்த அந்தத் தரிசைத் திருத்தாமல் அப்படியே விட்டுவைத்தார். களைக்குத்தான் குளவி வரும் என்று அவருக்குத் தெரியும். 1915இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் எழுதிய பத்துத் தொகுதிகளின் சரக்கில் பெரும்பங்கு அந்தத் தரிசிலிருந்து வந்ததுதான். முட்டைக்கோஸ் புழுவையும் அதைத் தின்னும் சின்னக் குளவியையும் பற்றி அவர் எழுதிய கட்டுரையை நான் பள்ளிக்கூடத்தில் எழுதிக் காதும் திருகப்பட்டிருக்கிறேன்.

வளர்ந்த குளவிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது இனிப்பு. பூவின் தேன், அல்லது அசுவினி, மாவுப்பூச்சி போன்றவை கழிக்கும் தேன் போன்ற பிசுக்கு. இனிப்பு கிடைத்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருந்து முட்டையிடும். கிடைக்காவிட்டால் சில நாளில் கதை முடிந்துவிடும். ஆகவே குளவியை அனுப்பினால் மட்டும் போதாது, தோப்பில் அதற்குச் சாப்பாடும் இருக்க வேண்டும். இங்கேதான் வாய் என்ற விஷயம் வருகிறது.

அப்பாவின் உளிப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லை உடைக்க ஒன்று, தளம் வாங்க ஒன்று, கண் திறக்க ஒன்று. ஒரு வேலைக்கான உளியை இன்னொரு வேலைக்கு எடுத்தால் கல்லும் போகும், உளியும் போகும். பூச்சிகளின் வாயும் அப்படித்தான். பட்டாம்பூச்சிக்குச் சுருட்டி வைத்த நீண்ட குழல். தேனீக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் நீளும் நாக்கு. ஒட்டுண்ணிக் குளவிகளில் பெரும்பாலானவற்றின் வாயில் இரண்டு தாடைகள் உண்டு. கூட்டைக் கடித்து வெளியே வரவும் பொருளைப் பிடிக்கவும் அவை பயன்படும். தாடைக்குக் கீழே குட்டையான நக்கும் நாக்கு. அதை நீட்டினாலும் தலைக்கு வெளியே அதிக தூரம் போகாது. கருந்தலைப்புழுவைத் தின்ன வந்த நம் பெத்திலிட்டுக்குத் தலையே தட்டையாக, வாய் முன்னோக்கி இருக்கும். புழுவின் கூட்டுக்குள் நுழைய அது அருமையான அமைப்பு. ஆழமான பூவுக்குள் தேன் எடுக்க அது உதவாது.

பூக்களிலும் ஆழம் பலவிதம். சில பூக்கள் தேனைக் குழாயின் அடியில் பூட்டி வைக்கும். சில, தட்டில் வைத்தமாதிரி வெளியே வைக்கும். பூட்டி வைப்பதில் எல்லைக்குப் போன பூ மடகாஸ்கர் தீவில் ஒன்று உண்டு. அது ஒரு ஆர்க்கிட். அதன் தேன்குழல் ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர். தேன் அடி நுனியில் மட்டும். 1862இல் டார்வின் அந்தப் பூவைப் பார்த்துவிட்டு, அந்த அளவு நாக்குள்ள ஒரு விட்டில் அந்தத் தீவில் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதினார். அப்படி ஒரு விட்டிலுக்கு ராத்ஸ்சைல்டும் ஜோர்டனும் 1903இல் பெயர் வைத்தார்கள். அப்போது டார்வின் இறந்து இருபத்தொரு வருடம் ஆகியிருந்தது.

இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்பக்கத்துக் கதை அவ்வளவாகத் தெரியாது. ஜெர்மனியில் ஸ்பாண்டவ் என்ற ஊரில் ஷ்ப்ரெங்கெல் என்று ஒரு தலைமை ஆசிரியர் இருந்தார். பூவையும் பூச்சியையும் பார்த்துப் பார்த்து 1793இல் ஒரு புத்தகம் போட்டார். அன்று யாரும் அதைச் சீந்தவில்லை. அதில் அவர் ஒரு சின்னப் பச்சை ஆர்க்கிட்டைப் பற்றிச் சொல்கிறார். பார்வைக்கு ஒன்றுமில்லாத பூ. தேன் அதன் உதட்டின்மேல் ஒரு பள்ளத்தில் திறந்து கிடக்கிறது. அதற்கு வருவது ஒட்டுண்ணிக் குளவிகள். நீண்ட நாக்கு இல்லாதவருக்குத் திறந்து வைத்த பந்தி என்று சொல்லலாம். எழுபது வருடம் கழித்து டார்வின் அதே பூவை எடுத்துப் பார்த்து, ஷ்ப்ரெங்கெல் சொன்னது சரி என்று எழுதினார். 1873இல் ஹெர்மன் ம்யூலர் என்ற இன்னொரு ஜெர்மன் வாத்தியார் பூச்சிகளின் நாக்கை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, எந்தப் பூவுக்கு எது வரும் என்று பெரிய புத்தகமே எழுதினார். இந்த வரலாற்றில் எத்தனை வாத்தியார்கள் பாருங்கள்.

ஒட்டுண்ணிக் குளவிகளின் வாயை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தவர் பிரிட்டனில் மார்க் ஜெர்விஸ். 1998இல் வந்த அவருடைய கட்டுரை பல குடும்பத்துக் குளவிகளின் வாயை ஒப்பிடுகிறது. பெரும்பாலானவை திறந்த தேனை நம்பித்தான் வாழ வேண்டியவை. ஆனால் சில வகைகளுக்கு மட்டும் நாக்கும் அதைத் தாங்கும் பாகங்களும் நீண்டு, ஒளித்து வைத்த தேனை எடுக்கும் கருவியாக மாறியிருக்கின்றன. பிரக்கோனிட் குடும்பத்தில் அகாதிஸ் என்ற வகைக்கு முகமே மூக்கு மாதிரி நீண்டிருக்கும். இன்னும் சில குளவிகள் இத்தனை சின்னவை என்பதால் வேறு வழி வைத்திருக்கின்றன. முட்டை ஒட்டுண்ணியான டிரைக்கோகிரம்மா அரை மில்லிமீட்டர்தான். பூக்குழல் அகலமாக இருந்தால் ஆள் அப்படியே உள்ளே இறங்கிவிடும். ஆக வாயின் நீளம், தலையின் அகலம், பூவின் ஆழம் என்று மூன்றையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. கரீபியன் கடலில் போர்ட்டோ ரீக்கோ என்ற தீவு. அங்கே பிள்ளைப்பூச்சி பயிரின் வேரை அறுத்துத் தொல்லை கொடுத்தது. நாம் வயலில் பார்க்கிற, மண்ணைத் தோண்டுகிற அதே பிள்ளைப்பூச்சிச் சாதிதான். 1930களில் பிரேசிலின் பெலேம் நகரத்திலிருந்து லாரா என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பிள்ளைப்பூச்சியை மண்ணிலிருந்து விரட்டி, கொட்டிச் சிறிது நேரம் மயக்கி, முட்டை ஒட்டிவிட்டுப் போகும். தீவில் பிள்ளைப்பூச்சிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் குளவி எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. அது தேன் குடிக்கும் ஒரு சில களைகள் பூத்துக் கிடந்த இடத்தில்தான் நிலைத்தது. அங்கே பணியாற்றிய வால்காட் என்ற பூச்சியியலாளர் 1942இல் அமெரிக்காவின் சயன்ஸ் இதழில் இதை எழுதினார். ஒட்டுண்ணிக்கு இரை மட்டும் இருந்தால் போதாது என்பதே கட்டுரையின் சாரம்.

அந்தக் களைகளில் முக்கியமானது எது என்று பார்த்தேன். நம் வரப்பிலும் தோப்பிலும் தரையோடு படர்ந்து, கணுவில் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ பூக்கும் நத்தைச்சூரியின் நெருங்கிய உறவு. ஒரே பேரினம், வேறு சிற்றினம். படித்தபோது எழுந்து கொல்லைக்குப் போய் ஒரு செடியைப் பிடுங்கி வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இத்தனை வருடம் காலில் மிதித்த செடி.

ஒட்டுண்ணி நம் ஊரில் ஜெயித்ததும் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தலைகாட்டியது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரச்சீனி என்று எதையும் விடவில்லை. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி நிறுவனம் 2010இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிகளை வரவழைத்தது. அக்டோபரில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் விடத் தொடங்கினார்கள். அதில் அசிரோஃபேகஸ் என்ற சின்னக் குளவி பெருகி, பூச்சியை அடக்கிவிட்டது. பூ ஒன்றும் நடவில்லையே, அது எப்படி என்று கேட்கலாம். எனக்குத் தோன்றுவது இது: மாவுப்பூச்சியே இனிப்புப் பிசுக்கைக் கழிக்கிறது. இரையும் சாப்பாடும் ஒரே இலையில். கருந்தலைப்புழு அப்படி எதுவும் கழிக்காது. அங்கே வேலை செய்யும் குளவி சாப்பாட்டுக்கு வேறு இடம்தான் போக வேண்டும்.

நெல்லுக்கும் இதே கதை. தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் நாலு வருடம் வயல் வரப்பில் தேன் உள்ள பயிர்களை நட்டுப் பார்த்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. பூச்சிமருந்து அடிப்பது 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவீதம் கூடியது. சீனாவில் வரப்பில் நட்டதில் பேர் வாங்கியது எள். புகையானின் முட்டையைத் தின்னும் அனாக்ரஸ் என்ற பொடிக் குளவிக்கு எள்ளுப்பூ நல்ல சாப்பாடு. நம் கோவைப் பல்கலைக்கழகமும் வரப்பில் தட்டைப்பயறு, உளுந்து, எள், செண்டுமல்லி நடச் சொல்கிறது.

தட்டைப்பயற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் பூங்காம்பில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பூவுக்கு வெளியே, காம்பிலேயே தேன் சுரக்கும் புள்ளிகள் உண்டு. ஆமணக்கு இலைக்காம்பில் குண்டூசித் தலை மாதிரி இருக்கும் முடிச்சுகளும் அப்படித்தான். பருத்தி இலையின் அடியில் நடு நரம்பிலும் உண்டு. குட்டை நாக்குக்கு இதைவிட வசதி கிடையாது. எட்டவும் வேண்டாம், நுழையவும் வேண்டாம். அதேபோலக் கொத்தமல்லி, சதகுப்பை, பெருஞ்சீரகம் ஆகியவற்றின் குடைமாதிரிப் பூங்கொத்தில் தேன் மேலேயே பளபளத்துக்கொண்டிருக்கும். அம்மிணிமார் அடுக்களைக்கு வளர்க்கும் செடியில் நாலைப் பூக்க விட்டால் போதும்.

இப்போது தோவாளைக்குத் திரும்பலாம். பிச்சிக்கும் மல்லிகைக்கும் நீண்ட குழல். அது இரவில் வரும் நீண்ட நாக்கு விட்டில்களுக்கான பூ. அதுவும் விரிவதற்கு முன்னாலேயே கூடைக்கு வந்துவிடுகிறது. அரளிப்பூவில் தேனே சுரப்பதில்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஊரே பூவாக இருந்தும் குட்டை நாக்குக் குளவிக்கு ஒரு வாய் கிடையாது. பூக்காரர் விளையாட்டாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார்.

நாஞ்சில் நாட்டில் நாம் போகத்தையே பூ என்கிறோம். கன்னிப்பூ, கும்பப்பூ. அப்படிப் பேர் வைத்த ஊரில் வரப்பில் ஒரு பூ நிற்க விடுவதில்லை. ஓய்வு பெற்ற புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். வீட்டுக்காரிக்கு அவள் அப்பா கொடுத்த சின்ன வயலில், வரப்பைக் கண்ணாடி மாதிரி செதுக்க வைத்துவிட்டு, மச்சினரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர், "நல்லாத்தான் இருக்கு அத்தான், ஆபீஸ் மேசை கணக்கா இருக்கு" என்றார். அப்போது எனக்கு அது பாராட்டு.

இப்போது அந்த வரப்பில் தட்டைப்பயறு நிற்கிறது. ஒரு ஓரத்தில் எள். நத்தைச்சூரியைப் பிடுங்க வேண்டாம் என்று வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன். சாருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று அவர்கள் நினைத்தால் நினைக்கட்டும். மருந்தே அடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போன கும்பப்பூவில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஒரு தடவை அடித்தோம். முன்பு மூன்று தடவை அடிப்போம்.

பாட்டாவின் தோப்பு வழியாகச் சில வருடத்துக்கு முன் பஸ்ஸில் போனேன். பாதி வீட்டுமனையாகிவிட்டது, மீதியில் மரங்கள் நிற்கின்றன. இறங்க வேண்டும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. இறங்கியிருந்தாலும் சொல்வதற்கு ஆள் இல்லை.

அன்று அவர் ஜன்னலோரம் குழாயைத் தூக்கிப் பார்த்துக் கேட்டதற்கு ரேயோமூர், ஃபாப்ர் எல்லாம் தேவையில்லை. என் கையில் இருந்த இரண்டு வரிச் சீட்டே பதில். தேன் என்று அதில் எழுதியிருந்தது. மூன்று பாஷை படித்தவன் அதைப் படிக்காமல் எண் போட்டேன்.

ஒன்றும் குடுக்கல பாட்டா. அதுவ வார வழியில சாகல. நான்தான் பூட்டி வச்சேன்.